பளபளப்புக்குக் கொடுத்த விலை: அலுமினியச் சக்கரத்தின் கதை

அலுமினியம் துருப்பிடிக்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது பாதி உண்மைதான். காற்று பட்ட உடனேயே அதன் மேல் ஆக்ஸைடு படலம் ஒன்று உண்டாகிவிடும். சில நானோமீட்டர் தடிமன்தான், ஆனால் இரும்புத் துரு மாதிரி உதிராமல் ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். அப்படியென்றால் கார்களில் வருகிற அலுமினியச் சக்கரம் ஏன் மங்கிப் போய், புள்ளி விழுந்து, வெள்ளையாகப் பூத்து நிற்கிறது? இதற்குப் பின்னால் சுவாரஸ்யமான கதை ஒன்று இருக்கிறது.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன் (காமர்ஸ் மாணவன், வேறு எங்கிருந்து ஆரம்பிப்பேன்?). 1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் ஒரு சின்ன அலுமினியக் கூம்பை வைத்தார்கள். அப்போது அதன் விலை கிட்டத்தட்ட வெள்ளியின் விலை! இரண்டே வருஷத்தில், 1886-ல், அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் ஒருவரை ஒருவர் அறியாமலேயே, மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் ஒரே முறையைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914. கண்டுபிடித்தபோது ஏறக்குறைய என் வயசுதான் அவர்களுக்கு. அதற்குப் பிறகு விலை சரிந்தது, சமையல் பாத்திரம் வரை வந்தது.

சக்கரத்துக்கு அதைக் கொண்டுவந்து புகழ் பெற்றவர் எத்தோரே புகாட்டி. 1924 ஆகஸ்டில் லியோன் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் அவருடைய டைப் 35 கார்கள் வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு இறங்கின. எட்டு தட்டையான ஆரங்கள், பிரேக் டிரம்மும் சக்கரத்தோடு சேர்ந்தே வந்துவிடும். அந்தப் பந்தயத்தில் காலை வாரியது டயர்கள், சக்கரங்கள் அல்ல.

அதற்கு முந்தைய வருஷமே, 1923-ல், இங்கிலாந்தில் பெங்கோ, ஸ்டூவர்ட் என்ற இருவர் வேறொரு பிரச்சினையைத் தீர்த்திருந்தார்கள். கடலில் இறங்கும் விமானங்களின் டியூராலுமின் பாகங்களை உப்புத் தண்ணீர் அரித்தது. அவர்கள் அந்த உலோகத்தை அமிலத் தொட்டியில் முக்கி, நேர்மின்முனையாக இணைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். தானாக உண்டாகும் அந்த ஆக்ஸைடு படலம் பல நூறு மடங்கு தடித்து வளர்ந்தது! இதுதான் அனோடைசிங். பெயிண்ட் மாதிரி மேலே பூசுவது இல்லை, உலோகமே தன் மேல்தோலைக் கெட்டியாக்கிக்கொள்கிறது. அதனால் உரியாது.

இந்த இரண்டு கதைகளும் அழகாகச் சேர்ந்த இடம் 1966-ல் போர்ஷே 911 எஸ் காருக்கு வந்த ஃபுக்ஸ் சக்கரம். ஜெர்மனியின் மைனர்ட்ஸ்ஹாகன் ஊரில் இருக்கும் ஓட்டோ ஃபுக்ஸ் நிறுவனம் செய்தது. வடிவம் கொடுத்தவர் போர்ஷேயின் ஹைன்ரிஷ் கிளீ. வார்ப்பு இல்லை, பெரிய அழுத்த இயந்திரத்தில் அடித்துச் செய்த ஐந்து இதழ் சக்கரம். இரும்புச் சக்கரத்தை விட எடை குறைவு. மேலே அனோடைசிங், இதழ்களுக்கு நடுவில் கறுப்பு பெயிண்ட். பட்டு மாதிரி மிதமான மினுமினுப்பு. கண்ணாடி மாதிரி ஜொலிக்காது.

பிரச்சினையே அங்கேதான் ஆரம்பித்தது. அமெரிக்காவில் நிறைய பேருக்கு முகம் தெரிகிற பளபளப்பு வேண்டியிருந்தது. அங்கே லாரிக்காரர்கள், 1948-ல் அல்கோவா நிறுவனம் கொண்டுவந்த அலுமினியச் சக்கரங்களைத் தேய்த்துப் பளபளக்க வைத்துப் பழகியவர்கள். (அல்கோவாவின் ஆதி முதலாளிகளில் ஒருவர் நம்ம ஹால்தான்!) போர்ஷே வைத்திருந்தவர்கள் பலர், அடுப்பு சுத்தம் செய்யும் காஸ்டிக் சோடா ஸ்பிரேயை ஃபுக்ஸ் சக்கரத்தின் மேல் அடித்தார்கள். காரம் ஆக்ஸைடைக் கரைத்துவிடும். அனோடைசிங் போனதும் சக்கரம் கறுத்துப்போகும். கழுவிவிட்டு, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் சொரசொரப்பிலிருந்து நைஸ் வரை வரிசையாகத் தேய்த்து, கடைசியில் பஃப் போட்டு பாலிஷ். பார்க்க அற்புதமாகத்தான் இருக்கும்... சில வாரத்துக்கு.

ஏனென்றால் இப்போது மிஞ்சியிருப்பது அந்த மெல்லிய இயற்கைப் படலம் மட்டும்தான். பிரேக்கிலிருந்து சூடாகப் பறக்கும் இரும்புத் தூள் சக்கரத்தில் ஒட்டுகிறது. குளிர் நாடுகளில் பனியைக் கரைக்கச் சாலையில் போடும் உப்பு, படலத்தை ஊசிமுனை அளவு இடங்களில் உடைத்துக் குழி பறிக்கிறது. மெழுகு பூசினால் கொஞ்ச நாள் தாங்கும், மறுபடி பூச வேண்டும். நிறமில்லாத லேக்கர் அடித்தால் வேலை மிச்சம் என்று தோன்றும். ஒரு கல் பட்டு அது விட்டுப்போனால் போதும், அந்த ஓட்டை வழியாக ஈரம் புகுந்து, லேக்கருக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடாக அரிப்பு ஓடும். அப்போது மொத்த லேக்கரையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். என்னைக் கேட்டால் லேக்கரை விட மெழுகே மேல். தப்பு நடந்தால் கண்ணுக்காவது உடனே தெரியும்.

கணக்கியலில் தேய்மானம் என்று ஒன்று படிக்கிறோம், சொத்தின் மதிப்பு வருஷா வருஷம் குறைவது. இங்கே அந்தச் சொல்லுக்கு நேரடி அர்த்தமே பொருந்துகிறது. ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் கொஞ்சம் உலோகம் போகிறது, இதழ்களின் கூர்மையான விளிம்பு மழுங்குகிறது. இன்று பழைய 911 சேகரிப்பவர்கள் தேடுவது, யாரும் கை வைக்காத, பழைய அனோடைசிங் அப்படியே இருக்கும் சக்கரங்களைத்தான். கண்ணாடி மாதிரி ஆக்கியவற்றை மறுபடி மங்கலான பழைய தோற்றத்துக்குக் கொண்டுவரவே தனிப் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே முதல் வேலை, குழிகள் மறையும் வரை இன்னும் ஒரு சுற்றுத் தேய்ப்பது. அதன் பிறகுதான் அமிலத் தொட்டி.