சத்தியும் மருந்தும்



நறுவிலிக்குளத்திலிருந்து கடற்கரை வழியே தெற்கு நோக்கிச் செல்வோருக்கு அரிப்பும் சிலாவத்துறையும் மறிச்சுக்கட்டியும் அடுத்தடுத்து எதிர்ப்படும். முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் இக்கரையில் ஆயிரக்கணக்கானோர் ஓலைக் கொட்டில்களில் தங்கியிருந்தனர். சிப்பிகள் அழுகும் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்ட அம்மக்கள் வாந்திபேதி என்ற சொல்லைக் கேட்டமட்டில் நடுங்கினர். தலைமன்னார்ப் பக்கம் தோணிகளில் வந்திறங்கி, மாத்தளையை நோக்கிக் கால்நடையாகச் சென்ற தோட்டத் தொழிலாளரையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நோயே வழிநெடுகப் பலிகொண்டது.

கொலரா என்னும் அந்நோயில் மனிதனைக் கொல்வது, உடலிலிருந்து நீரும் உப்பும் பெருகி வெளியேறுவதே. இதனை அறியாத அக்கால ஐரோப்பிய வைத்தியர் பலர் கலோமெல் என்ற இரசக் கூட்டையும் அபினையும் கொடுத்தனர், இரத்தமும் வாங்கினர். நா வறண்டு துடிப்பவன் ஒரு வாய் தண்ணீர் கேட்டால், அதையும் மறுத்தவர் உண்டு. குடித்தது உடனே சத்தியாய் வெளிவரும், ஆகவே கொடுப்பது கேடு என்பது அவர்கள் கூறிய நியாயம். நோயைவிடக் கொடிது அந்த நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1832இல் ஸ்கொத்லாந்தின் லீத் நகரில் தோமஸ் லற்றா என்ற வைத்தியர், நாளத்தினூடாக உப்புநீரை ஏற்றி, சாகும் தறுவாயிலிருந்தோர் எழுந்து பேசக் கண்டார். அம்முறை நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கல்கத்தாவில் லெனார்ட் ரொஜர்ஸ் அதைத் திருத்தி நிலைநாட்டினார். ஆயினும் நாளத்தில் ஏற்றுவதற்குத் தூய நீரும் ஊசியும் கைதேர்ந்தவரும் வேண்டும். ஓலைக் கொட்டிலிலே அவை ஏது?

இவ்விடத்தில்தான் சத்தியை அடக்கும் மருந்து வரலாற்றில் நுழைகின்றது. 1940களில் பிரான்சிலே, ஒவ்வாமைக்கெனச் செய்யப்பட்ட புரோமெதசீன் என்ற பொருள், கடற்பயணக் குமட்டலையும் தணிப்பது தெரியவந்தது. அதன் கூட்டொன்றுக்கு அவோமின் என்று பெயர். கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, அதைக் கொலரா நோயாளருக்குக் கொடுத்துச் சத்தியை அடக்கி, பின்னர் குளுக்கோசும் உப்பும் கரைத்த நீரை வாயாலேயே குடிக்கச் செய்தார். 186 நோயாளரைப் பற்றிய அவரது கட்டுரை 1953 நவம்பரில் லண்டனின் 'லான்செற்' மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. பேதியைக் கட்டுவதற்கு அவர் கற்பூரவள்ளி இலைச் சாற்றையும் கையாண்டார் என்றால் நம் பாட்டிமார் வியப்படைய மாட்டார்கள்.

அவரை உலகம் ஏன் பொருட்படுத்தவில்லை? மேனாட்டாரின் அலட்சியம் ஒருபுறமிருக்க, குறை அவர் ஆய்விலும் இருந்தது. உட்சென்ற நீரையும் வெளியேறிய நீரையும் அவர் அளந்து காட்டவில்லை. அம்மருந்தைப் பெறாத மற்றொரு கூட்டத்தாரோடு ஒப்பிடவுமில்லை. பிழைத்தது மருந்தாலா, நீராலா என்று எவ்வாறு தீர்ப்பது? 1968இல் டாக்காவில் நலினும் காஷும் அளந்து காட்டினர். 1971இல் வங்காள அகதிகள் நிறைந்த பொங்காவ் முகாமில், டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, உறவினர் கையாலேயே ஊட்டச் செய்தார். 30 சதவீதமளவில் இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. சத்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முறை. அவோமின் அங்கே இன்றியமையாததாகவில்லை. இன்று நாம் ஜீவனி என்று வாங்கும் பொதியே வென்றது.

எனினும் மருந்துகள் பெருகின. 1964இல் பிரான்சில் மெற்றோகுளோபிரமைட் வெளிவந்தது. 1990களின் தொடக்கத்தில் ஒண்டன்செற்றன் வந்தது. புரோமெதசீன் தூக்கத்தைத் தரும். மெற்றோகுளோபிரமைட் சிலருக்கு, குறிப்பாக இளைஞருக்கு, கழுத்தையும் தாடையையும் இழுத்துப் பிடிக்கச் செய்யும். ஒண்டன்செற்றன் இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சிலரிடம் குலைக்கக்கூடும். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓங்கரித்துக்கொண்டு வருபவருக்கு இவற்றில் எது சிறந்தது?

2014இல் வெளியான மெல்போர்ண் ஆய்வொன்று இதனை நேர்மையாகச் சோதித்தது. ஒரு கூட்டத்தாருக்கு ஒண்டன்செற்றன், ஒரு கூட்டத்தாருக்கு மெற்றோகுளோபிரமைட், மூன்றாம் கூட்டத்தாருக்கு வெறும் உப்புநீர் என நாளத்தில் ஏற்றினர். யாருக்கு எது என்பதை நோயாளியும் அறியார், வைத்தியரும் அறியார். அரை மணிநேரத்தின்பின் குமட்டலை 100 மில்லிமீற்றர்க் கோட்டில் குறிக்கச் செய்தபோது, சராசரிக் குறைவு முறையே 27, 28, 23 ஆக இருந்தது. வெறும் உப்புநீர் 23! மறு ஆண்டு எட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோரும் எம்மருந்துக்கும் உறுதியான முதன்மையைக் காணவில்லை. ஐசோபுரோப்பைல் அற்ககோல் தோய்த்த துணியை முகர்வது குமட்டலைத் தணிக்கிறதெனப் பின்வந்த அமெரிக்க ஆய்வுகள் காட்டின. மன்னார் பஸ்ஸில் தேசிக்காயை முகரக் கொடுக்கும் தாய்மார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

குழந்தைகளிடத்தில் மட்டும் தீர்ப்பு வேறு. 2006இல் வெளிவந்த சிக்காகோ ஆய்வில், வயிற்றோட்டத்தோடு சத்தியெடுத்த 215 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். ஒண்டன்செற்றன் வில்லை ஒன்றை நாவில் கரையவிட்டு, பிறகு உப்பு நீரை ஊட்டினர். வில்லை பெற்றோரில் 14 சதவீதத்தினரும், போலி வில்லை பெற்றோரில் 35 சதவீதத்தினரும் மீண்டும் சத்தியெடுத்தனர். சத்தியை அடக்கி வாய்வழியே நீர் ஊட்டுவது என்ற சட்டர்ஜியின் எண்ணம், ஐம்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்து, அவர் செய்யாது விட்ட ஒப்பீட்டோடு இவ்வாறு நிறைவேறிற்று. நாளத்தில் நீரேற்ற வேண்டியிருந்தோர் அங்கே 31 சதவீதத்திலிருந்து 14 ஆகக் குறைந்தனர்.