நிக்கோடெமஸ்: ரயில் வராத ஊர்

இந்த நேரலையைப் பார்ப்பவர்களில் சிலருக்கு இது காலைக் காப்பி நேரம், சிலருக்குப் பின்னிரவு. தூக்கத்தைத் தள்ளிவைத்து வந்தவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

நான் இன்று பேச எடுத்துக்கொண்டது ஒரு சின்ன ஊரின் வரலாறு. அமெரிக்கப் பெருஞ்சமவெளியில், கான்சாஸ் மாநிலத்தின் வடமேற்கே, சாலமன் ஆற்றங்கரையில் இருக்கிறது அது. பெயர் நிக்கோடெமஸ். சில ஆண்டுகளுக்கு முன் கான்சாஸ் சிட்டியிலிருந்து டென்வருக்குக் காரில் போனபோது, எல்லிஸ் என்ற இடத்தில் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பினேன். இருபுறமும் கோதுமை வயல், மேலே ஒரே வானம். ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். அங்கே இருந்தவை ஐந்து பழைய கட்டடங்கள், கொஞ்சம் வீடுகள், நிறையக் காற்று. பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஆனால் அந்த ஊரை விட்டு என் மனம் இன்னும் வெளியே வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பேச்சு.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. நேற்றுவரை யாருடைய வயலில் அடிமையாக உழைத்தார்களோ, அதே ஆளின் வயலில் வாரத்துக்கு உழுதார்கள். 1877இல் தென்மாநிலங்களில் எஞ்சியிருந்த கூட்டாட்சிப் பாதுகாப்பும் விலகியது. அதே ஆண்டில்தான் கென்டக்கியின் கறுப்பினத் தேவாலயங்களில் ஒரு துண்டறிக்கை சுற்றிவந்தது. மேற்கே கான்சாஸில் நமக்கென்று ஓர் ஊர், வாருங்கள் என்றது அது. 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டுகள் தங்கிப் பயிர்செய்தால் 160 ஏக்கர் நிலம் சொந்தம். அழைத்தவர்களில் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையின நில வணிகரும் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினத்தவரும் முக்கியமானவர்கள்.

ஊரின் பெயருக்கே ஒரு கதை உண்டு. அடிமையாக விற்கப்பட்டு, பின்னர் தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கிய ஓர் ஆப்பிரிக்க இளவரசனின் பெயர் அது என்பார்கள். விவிலியத்தில் வரும் நிக்கோதேமுதான் என்பவர்களும் உண்டு. வயதான ஒருவன் மறுபடி எப்படிப் பிறக்க முடியும் என்று இயேசுவிடம் கேட்டவர் அவர். அந்தக் கேள்வி இந்த ஊருக்குப் பொருந்தத்தான் செய்கிறது.

1877 செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து சுமார் 300 பேர் ரயிலில் எல்லிஸ் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து முப்பது மைலுக்கு மேல் நடை. நான் பாட்டுக் கேட்டபடி காரில் கடந்த தூரம் அது. அடுத்த வசந்தத்தில் வந்த குழுவில் வில்லியானா ஹிக்மன் என்ற பெண் இருந்தார். எல்லிஸில் தங்கியபோது அம்மை கண்டு அந்தக் குழுவில் குழந்தைகள் இறந்தன. புதைத்துவிட்டு நடந்தார்கள். ஊர் வந்துவிட்டது என்று ஆண்கள் கத்தியபோது, வில்லியானாவின் கண்ணுக்கு ஊர் எதுவும் தெரியவில்லை. கணவர் கைகாட்டிய திசையில் தரையிலிருந்து புகை மட்டும் எழுந்துகொண்டிருந்தது. மக்கள் நிலத்தைத் தோண்டிக் குழிவீடுகளில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். தான் அழுதுவிட்டதாகப் பல பத்தாண்டுகள் கழித்து அவர் நினைவுகூர்ந்தார்.

நண்பர்களே, வெளிநாட்டில் முதல் நாள் இறங்கிய அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. பனியைப் பார்த்து மிரண்ட கதையை நாம் சிரித்தபடி சொல்வோம். அந்த அழுகையோடு அதை ஒப்பிட எனக்குத் துணிவில்லை. கடவுச்சீட்டும் திரும்பிப் போக ஒரு வீடும் நமக்கு இருந்தன. அவர்கள் திரும்பினால் காத்திருந்தது பழைய முதலாளியின் வயல்தான். அப்படியும் சிலர் உடனே திரும்பிப் போனார்கள். துண்டறிக்கை சொன்ன ஊருக்கும் கண்முன் இருந்த ஊருக்கும் அவ்வளவு தொலைவு.

மற்றவர்கள் தங்கினார்கள். மரம் இல்லாத நாடு என்பதால் சூரியகாந்தித் தண்டையும் காய்ந்த எருமைச் சாணத்தையும் எரித்தார்கள். ஏர் பூட்டக் குதிரைகள் போதவில்லை. வேரோடிய புல்தரையை மண்வெட்டியால் கொத்தித்தான் விதைத்தார்கள். முதல் குளிர்காலத்தில் உணவு தீர்ந்தபோது, வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் மக்கள் தங்கள் இறைச்சியைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பது அவ்வூர் வாய்மொழி வரலாறு. கான்சாஸில் இருந்த தம் நிலத்தை விட்டு அந்தப் பூர்வகுடிகள் தெற்கே போக நேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நிலம் இழந்தவர்கள் நிலம் தேடி வந்தவர்களுக்குச் சோறு போட்டார்கள். அரசு இலவசமாகக் கொடுத்த 160 ஏக்கர் உண்மையில் யாருடையது என்ற கேள்வியும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. அதை நாம் தாண்டிப்போகக் கூடாது.

பத்தே ஆண்டுகளில் குழிவீடுகள் இருந்த இடத்தில் ஒரு நகரம் எழுந்தது. சக்கரி ஃபிளெட்சர் முதல் அஞ்சல்காரர். அவர் மனைவி ஜென்னி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்தார். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள். எட்வர்ட் மெக்கேப் 1882இல் கான்சாஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்தலில் வென்றார். தென்மாநிலங்களுக்கு வெளியே மாநில அளவிலான பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவரே. 1887 வாக்கில் ஊரில் தேவாலயங்கள், கடைகள், இரண்டு செய்தித்தாள்கள், ஐஸ்கிரீம் கடை, பேஸ்பால் அணி, இசைக்குழு எல்லாம் இருந்தன. ஓர் இலக்கியச் சங்கமும் இருந்தது! வயல்வேலை முடிந்த கையோடு கூடிப் பேசிய அந்தச் சங்கத்தை, இதோ வார இறுதியில் கணினி முன் கூடியிருக்கும் நாம் உறவாகவே கொண்டாடலாம்.

பிறகு ரயில் வரும் என்றார்கள். சமவெளியில் ரயில் நிற்கும் ஊர் பிழைக்கும், நிற்காத ஊர் சாகும். தானியம் சந்தைக்குப் போவதும் மரம், நிலக்கரி வந்துசேர்வதும் ரயிலில்தான். 1887இல் ஊர்மக்கள் வாக்களித்து, ரயில் பாதைக்காக 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். ஆனால் 1888இல் யூனியன் பசிபிக் நிறுவனம் ஆற்றுக்குத் தெற்கே, சில மைல் தள்ளித் தண்டவாளம் போட்டது. அங்கே போக் என்ற புது ஊர் முளைத்தது. வணிகர்கள் ஒவ்வொருவராக அங்கே போய்விட்டார்கள். செய்தித்தாள்கள் நின்றன.

வழக்கமாக இத்தகைய கதை இங்கே முடிந்துவிடும். இப்படி ரயில் ஒதுக்கியதால் பெயர்கூட மிஞ்சாத ஊர்கள் சமவெளியெங்கும் உண்டு. நிக்கோடெமஸ் முடியவில்லை. காரணம் எளிது: கடையைப் பெயர்த்துக்கொண்டு போகலாம், வயலைப் பெயர்க்க முடியாது. தாத்தன் மண்வெட்டியால் கொத்திய மண்ணைப் பேரன்கள் உழுதார்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியும் புழுதிப் புயலும் அவர்களில் பலரையும் துரத்தின. 1950இல் ஊரில் மிஞ்சியவர்கள் 16 பேர். 1953இல் அஞ்சலகமும் மூடப்பட்டது.

ஆனாலும் ஒன்று நிற்கவில்லை. ஆண்டுதோறும் ஜூலை கடைசியில், ஆகஸ்ட் தொடக்கத்தையொட்டி, டென்வரிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளோடு அங்கே வருகிறார்கள். சாப்பாடு, பாட்டு, ஊர்வலம். அமெரிக்க அரசு 1996இல் இவ்வூரைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கியது. கல் கட்டடங்களைத்தான் அரசால் காக்க முடியும். ஊரைக் காத்தது வருடாவருடம் திரும்பி வந்த மனிதர்கள்.

அந்த விழாவின் தேதிதான் என்னை உலுக்கியது. அதன் மூலம் 1834 ஆகஸ்ட் 1. பிரிட்டன் தன் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறையை ஒழித்த நாள் அது. அந்த விடுதலையால் கரும்புத் தோட்டங்களில் ஏற்பட்ட ஆள் பற்றாக்குறையை நிரப்பத்தான் மொரீஷியஸுக்கும் கயானாவுக்கும் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்கள் கொண்டாடும் அதே நாள், நம் புலம்பெயர்வின் ஒரு கிளைக்கு விதை போட்ட நாள். இதை அறியாமலேயே அந்த வயல்களுக்கு நடுவே நான் நின்றுகொண்டிருந்தேன்.

என் சொந்த ஊர் வீடு விற்றாகிவிட்டது. இனி அங்கே எதற்குப் போக வேண்டும் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். நிக்கோடெமஸைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதில்லை. வில்லியானா வந்தபோது அங்கே வீடு இல்லை, புகை மட்டுமே இருந்தது. அதை ஊர் என்று நம்பி அவர்கள் அங்கே இறங்கினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பேசுவோம்.