உயிர் எப்போது தொடங்குகிறது என்று கேட்பவர்கள்

கருவில் உயிர் எப்போது வருகிறது? மதம் கேட்டிருக்கிறது, சட்டம் கேட்டிருக்கிறது, மருத்துவம் கேட்டிருக்கிறது. சுமக்கிறவளிடம்தான் யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள் யார், எதற்காகக் கேட்டார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1860இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. மூன்றாண்டு வரை சிறை; கரு அசையத் தொடங்கிய பிறகு என்றால் ஏழாண்டு வரை. தாயின் உயிரைக் காக்கச் செய்தால் மட்டும் விலக்கு. வயித்துக்குள்ள பிள்ளை அசையறது முதலில் யாருக்குத் தெரியும்? தாய்க்குத்தானே. அவள் உடம்பே சட்டத்துக்கு அளவுகோல். ஆனால் தானே கலைத்துக்கொண்டால் அவளே குற்றவாளி. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 88ஆம் பிரிவில் இதையே சுமந்து நிற்கிறது.

இதற்கு எதிர்க்குரல் நம் பக்கத்திலிருந்துதான் வந்தது. கர்ப்பத்தடை பற்றி எழுதிய ர.தோ. கார்வே மீது ஆபாச வழக்குப் போட்டபோது, 1934இல் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். 1938 நவம்பர் 10இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கர்ப்பத்தடைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவரது சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் ரோஹம். பிரசவ வலியை ஆம்பளை அனுபவித்தால் ஒன்றுக்கு மேல் எவனும் பெறச் சம்மதிக்க மாட்டான் என்ற வாதம் அன்று அவையில் வைக்கப்பட்டது. ஆதரவு 11, எதிர்ப்பு 52. தீர்மானம் தோற்றது. இங்கே பெரியார் ‘குடிஅரசு’ இதழில் கர்ப்பத்தடையை நாட்டு நலனுக்காக அல்ல, பெண் விடுதலைக்காகவே கேட்டார்.

1971இல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. உயிர் எப்போது தொடங்குகிறது என்று அது பதில் சொல்லவில்லை. வாரக்கணக்கு போட்டது, முடிவை டாக்டர் கையில் கொடுத்தது. கருத்தடை தவறினால் கலைத்துக்கொள்ளலாம் என்ற வழி, 2021 திருத்தம் வரும்வரை, கல்யாணமானவளுக்கு மட்டும்தான்.

இப்போது அவசரக் கருத்தடை மாத்திரை. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல் முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. கருப்பையில் பதிந்துவிட்ட கருவை அது கலைப்பதில்லை. இருந்தும் ‘கருக்கொலை மாத்திரை’ என்று கூசாமல் பேசுகிறார்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கலாம் என்று 2005லேயே அனுமதி வந்தும், தமிழ்நாட்டின் பல மருந்துக்கடைகளில் கேட்டால் ‘இல்லம்மா’ என்பதே பதில். 72 மணி நேரம் அதற்குள் ஓடிவிடும். காசுள்ளவள் டாக்டரிடம் போவாள். கூலிக்குப் போகிற சேரிப் பெண் எங்கே போவாள்? பண்ணையிலும் சூளையிலும் வன்முறைக்கு ஆளானவள் எங்கே போவாள்?

உயிரின் புனிதம் பேசுகிற இதே சமூகம் கருத்தடை முகாமில் என்ன செய்தது? 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூரில் ஒரே டாக்டர் ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தலித், ஆதிவாசி, பிற்படுத்தப்பட்ட ஏழைப் பெண்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 விழுக்காடு, ஆண்கள் 0.3. பிள்ளை வேண்டாம் என்று அரசு முடிவெடுத்தால் நம் பெண்களின் வயிறு கத்திக்குப் போகிறது. அவளே முடிவெடுத்தால் மட்டும் உயிர், தர்மம், பாவம் எல்லாம் வந்துவிடுகிறது.

கருத்தரித்த நொடியிலேயே உயிர் என்று ஒருத்தி மனசார நம்பலாம். அவள் மாத்திரையை விழுங்காமல் இருக்கட்டும். அது அவள் உரிமை. அந்த நம்பிக்கையை அடுத்தவள் வயிற்றின் மேல் சட்டமாக ஏற்றுவது ஆதிக்கம். கருவின் உயிருக்கு நாள் குறிக்கிறவர்கள், பிலாஸ்பூரில் செத்தவளின் உயிர் எப்போது தொடங்கியது என்று முதலில் சொல்லட்டும்.