விளம்பரமும் துண்டும்: ஊவாத் தேயிலை வரலாற்றில் ஒரு நோக்கு

ஒரு பொருளை ஆக்குமுன்னரே அதனை அறிவிக்கும் செய்தியறிக்கையையும், வாங்குவோர் கேட்கக்கூடிய வினாக்களுக்கான விடைகளையும் எழுதிப் பார்த்து, அவற்றுக்கேற்பப் பொருளைத் திட்டமிடும் முறையொன்று இன்று வணிகவுலகிற் பெரிதும் பேசப்படுகின்றது. அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இதனை ஒரு நியதியாகவே வகுத்துக்கொண்டது. முறை புதிதெனினும் அதன் உள்ளெண்ணம் பழையது. பதுளை மாவட்டத்து அப்புத்தளை மலைச்சரிவுகளில் அதன் முன்னுருவத்தைக் காணலாம்.

1869இல் தோன்றிய இலைநோய் இலங்கையின் கோப்பிச் செய்கையை அழித்தது. கடனில் மூழ்கிய தோட்டங்கள் மலிந்த விலைக்கு வந்தன. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. நான்காண்டுகள் கழித்து, 1890இல், கிளாஸ்கோ நகரத்து மளிகை வணிகரான தோமஸ் லிப்டன் இங்கு வந்து தம்பேதன்னை உள்ளிட்ட பல தோட்டங்களை வாங்கினார். தோட்டத்தை வாங்கிய பின்னரே அவர் வாடிக்கையாளரைத் தேடினார் எனக் கருதுதல் பொருந்தாது. பிரித்தானியாவெங்கும் கடைகளை நிறுவி, அவற்றில் தேயிலையும் விற்கத் தொடங்கி, வாங்குவோரின் மனத்தை அறிந்துகொண்ட பின்னரே அவர் இம்மலை ஏறினார்.

அவ்வாங்குவோர் யாவர்? பெரும்பாலும் தொழிலாளர் குடும்பத்தினர். விலை கட்டுப்படியாகுமா, நிறை சரியா, தூசும் கலப்பும் இல்லையா, எங்கள் ஊர்த் தண்ணீரில் இது சுவைக்குமா என்பனவே அவர்தம் ஐயங்கள். லிப்டனின் தேயிலை இவ்வினாக்களுக்கு விடையாகவே உருப்பெற்றது. ஏனைய வணிகர் கேட்ட விலையினும் மிகக் குறைவாக, றாத்தல் ஒன்று 1 சிலிங் 7 பென்சுக்கு விற்றார். பெட்டியிலிருந்து அள்ளி நிறுக்கும் வழக்கத்தை விடுத்து, நிறை குறித்த பொதிகளில் அடைத்தார். அவ்வவ்வூர் நீருக்கேற்பக் கலவையையும் மாற்றினார். இறுதியாகக் கூறியது நுட்பமான செயலென்பதை எவரும் ஒப்புவர்.

எஞ்சியிருந்தது ஒரு வினா: இது எங்கிருந்து வருகின்றது? தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பது லிப்டன் விளம்பரத்தின் விடை. உண்மை அத்துணை நேரானதன்று. அவர் விற்ற தேயிலையில் ஒரு சிறு பகுதியே அவருடைய சொந்தத் தோட்டங்களில் விளைந்தது. மிகுதி சந்தையில் வாங்கப்பட்டது. பாதையும் நேரானதன்று. 1885இல் நானுஓயாவை எட்டிய புகையிரதம் அப்புத்தளைக்கு 1893இலும் பதுளைக்கு 1924இலுமே வந்தது. அதுவரை மாட்டுவண்டியே துணை. விளம்பரம் முன்னே சென்றது. பொருள் பின்னே நடந்தது.

லிப்டனின் விளம்பரங்களில் கூடை சுமந்த தமிழ்ப்பெண்ணின் உருவமும் இடம்பெற்றது. கடைக்கு வந்தோரின் வினாக்களிடையே அவளைப் பற்றியது ஒன்றுமில்லை. லிப்டன் ஒருவரைப் பழித்தல் நம் நோக்கமன்று. அக்கால வணிகத்தின் கண் அவ்வளவே கண்டது. ஆனால் அவளைப் பற்றியும் ஒரு தாள் எழுதப்பட்டிருந்தது. இலங்கைத் தோட்டங்களில் அதற்குத் துண்டு என்று பெயர். தொழிலாளியின் பேரில் உள்ள கடனைச் செலுத்தினால் அவரை விடுவிக்கலாம் எனத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதனை ஏந்திப் பிற தோட்டங்களுக்குச் செல்வான். கடனைக் கொடுப்பவரிடம் ஆட்கள் செல்வர். அக்கடன் மீண்டும் அவர்கள் தலையிலேயே ஏறும். தேயிலைப் பொதியின் தாள் வாங்குவோனுக்குப் பொருளின் விலையைக் கூறிற்று. துண்டு அடுத்த துரைக்கு ஆளின் விலையைக் கூறிற்று. இரண்டிலும் வினாவுக்குரியவன் வாங்குவோனே.

கொழுந்து பறிப்பவளுக்கும் வினாக்கள் இருந்திருக்கும். இன்றைய கொழுந்து நிறையில் எவ்வளவு கழிக்கப்பட்டது, முழுப்பேரா அரைப்பேரா, கடன் என்று தீரும் என்பவற்றைக் கேட்க அவளுக்கு வேறு ஏடு தேவையில்லை. பெரட்டுக் களமும் கணக்குப் புத்தகமும் போதும். அவற்றுக்கு விடை எழுதும் கடமைதான் எவருக்கும் இருக்கவில்லை. துண்டுமுறை 1921இல் சட்டத்தால் நீக்கப்பட்டது. 1927இன் சட்டம் குறைந்தபட்சக் கூலிக்கு வழிவகுத்தது. அரைப்பேர் அதன் பின்னரும் நெடுங்காலம் தோட்டங்களில் நின்றது.