கிராம மருத்துவரும் அவர்தம் குடும்பமும்

நோய் ஊர் பார்த்து வருவதில்லை. மருத்துவரோ ஊர் பார்த்தே குடியேறுகின்றார். நம் நாட்டின் நலவாழ்வு வரலாற்றில் நூறாண்டுகளாகத் தீராது நிற்கும் சிக்கல் இதுவே. திருவள்ளுவர் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என மருந்தின் கூறுகளை நான்காக எண்ணினார். நோயாளியைப் பேணுவோர் உளர். தொலைவிலுள்ள சிற்றூருக்குச் செல்லும் மருத்துவரையும் அவர்தம் மனைவி மக்களையும் பேணுவோர் யாவர்? இவ்வினாவிற்கு நம் நாடு காலந்தோறும் தந்த விடைகளைச் சிறிது காண்போம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவர் இருவகையினராக இருந்தனர். பல்கலைக் கழகப் பட்டம் பெற்றோர் ஒரு வகையினர். மருத்துவப் பள்ளிகளிற் குறுகிய காலம் பயின்று எல்.எம்.பி. போன்ற சான்றிதழ் பெற்றோர் மற்றொரு வகையினர். 1940-களின் தொடக்கத்தில் இந்தியா முழுவதும் பதிவு பெற்றிருந்த சுமார் 47,500 மருத்துவருள் ஏறத்தாழ 30,000 பேர் இரண்டாம் வகையினரே ஆவர்.

கிராமங்களுக்கு மருத்துவரைக் கொண்டு செல்லும் முயற்சியில் சென்னை மாகாணம் முன்னின்றது. பனகல் அரசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1924-25-ஆம் ஆண்டையொட்டி, மானியம் பெறும் கிராம மருத்துவர் திட்டம் தொடங்கப்பெற்றது. கிராமத்திற் குடியேறும் மருத்துவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை அளிக்கப்பட்டது. ஏழைகளுக்கு அவர் இலவசமாக மருத்துவம் செய்தல் வேண்டும். வசதியுள்ளோரிடம் கட்டணம் பெற்றுக்கொள்ளலாம். சிறந்த எண்ணமே இது. ஆயினும் இத்திட்டம் பணத்தையும் மருந்தையுமே அடிப்படையாகக் கொண்டது. தனித்து வாழும் மருத்துவரின் அறிவு மங்காதிருக்க வழி என்ன, அவர்தம் பிள்ளைகள் பயில்வது எங்கே என்னும் கேள்விகள் பிற்காலத்திற்கு விடப்பட்டன.

அதே காலத்தில் வேலூரில் வேறொரு முயற்சி வளர்ந்து வந்தது. டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ஆம் ஆண்டு பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1922-இல் அங்கிருந்து முதன்முதலாகத் தேறி வெளிவந்தோர் பதினால்வர். குடியாத்தம் சாலையோரத்து மர நிழல்களில் நோயாளிகளைக் கண்டு மருந்தளித்த அம்மையாரின் பணியே அம்மாணவியர்க்குப் பாடமாயிற்று. அப்பள்ளி 1942-இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். சிற்றூர் மருத்துவமனைகளோடு தொடர்புடைய அமைப்புகள் மாணவரைப் பரிந்துரைத்து அனுப்புவதும், படிப்பு முடிந்தபின் அவர்கள் அம்மருத்துவமனைகளிற் சில ஆண்டுகள் பணியாற்றுவதும் அங்கே மரபாயின.

1943-இல் அமைக்கப்பெற்ற போர் குழு 1946-இல் தன் அறிக்கையை அளித்தது. சர் ஜோசப் போர் தலைமை தாங்கிய அக்குழுவில் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் ஓர் உறுப்பினர். ஏறத்தாழ 6,300 மக்களுக்கு ஒரு மருத்துவரே உளர் என்றும், அவருள்ளும் பெரும்பாலோர் நகரங்களிலேயே தங்கிவிட்டனர் என்றும் அக்குழு கண்டது. நாடெங்கும் ஒரே தரமான பட்டப்படிப்பு வேண்டும், குறுகிய காலப் படிப்பு நிறுத்தப்பட வேண்டும் என்பது அதன் முடிவு. உறுப்பினர் சிலர் இதற்கு உடன்படவில்லை. தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் உயர்ந்த படிப்பு பெரிய மருத்துவமனைகளுக்குள்ளேயே நடந்தமையால், அதனைக் கற்றோர்க்குக் கிராமம் அயலூராகவே இருந்தது.

1952 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றலாயின. கட்டடம் எழுந்தது, பல இடங்களில் மருத்துவரின் நாற்காலியோ வெறுமையாயிருந்தது. 1977-இல் மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றும் மூன்று வட்டாரங்களின் பொறுப்பை ஏற்று, மாணவரைக் கிராமத்திலேயே பயிற்றுவிக்க வேண்டும் என ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. நோக்கம் நன்று, எனினும் நாட்டிற் பெரும்பகுதியில் அது ஆழ வேரூன்றவில்லை.

வேரூன்றிய இடங்களும் உள. மகாராட்டிரத்தின் ஜாம்கேட் என்னும் வறண்ட பகுதிக்கு 1970-இல் டாக்டர் ரஜனிகாந்த் ஆரோளே, டாக்டர் மேபெல் ஆரோளே என்னும் தம்பதியர் வந்தனர். இருவரும் வேலூரிற் பயின்றவர்கள். ஊர்மக்கள் கொடுத்த பழைய கால்நடை மருந்தகமே அவர்களது முதல் மருத்துவமனை. கிராமங்கள் தாமே தேர்ந்தனுப்பிய பெண்கள், எழுத்தறியாதார் உட்பட, வாரந்தோறும் வந்து பயிற்சி பெற்றுத் தத்தம் ஊரின் நலப் பணியாளராயினர். மருத்துவரின் சுமையை ஊர் பகிர்ந்துகொண்டது. எனவே அவர்கள் அங்கே தனியராக இருக்கவில்லை. மேபெல் அம்மையார் 1999-இலும் ரஜனிகாந்த் 2011-இலும் மறைந்தனர். அங்கேயே வளர்ந்த மகள் டாக்டர் ஷோபாவும் மகன் ரவியும் அப்பணியைத் தொடர்ந்தனர். ஒரு தலைமுறைக்குப் பின்னும் அவ்விளக்கு அணையாதிருந்தமைக்கு, குடும்பமே அம்மண்ணிற் காலூன்றியது ஒரு காரணம் எனலாம்.

அசாம் மாநிலம் மற்றொரு படிப்பினையைத் தருகின்றது. கிராமங்களுக்கென்றே மூன்றாண்டு மருத்துவப் படிப்பை நிறுவ அம்மாநிலம் 2004-இற் சட்டம் இயற்றியது. 2014-இல் உயர்நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. 2023-இல் உச்சநீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. பழைய எல்.எம்.பி. வழக்கு மீண்டும் எழுந்து மீண்டும் அடங்கியது எனலாம். அதே மாநிலத்தின் தென்கோடியில், அந்நாளில் கரீம்கஞ்ச் எனப்பட்ட மாவட்டத்து மகுண்டாவில், பல ஆண்டுகள் மூடிக்கிடந்த ஒரு மருத்துவமனைக்கு 1993-இல் டாக்டர் விஜய் ஆனந்த் இஸ்மவேல், டாக்டர் ஆன் மிரியம் தம்பதியர் சென்றனர். ஒருவர் அறுவை மருத்துவர். மற்றவர் மயக்க மருந்து வல்லுநர். மருத்துவமனை வளர்ந்தது, அதனோடு ஒரு பள்ளியும் செவிலியர் பயிற்சி நிலையமும் எழுந்தன. பிள்ளைகளுக்குப் பள்ளியுள்ள இடத்தில் பெற்றோரும் தங்குவர் என்னும் எளிய உண்மையை அங்கே காண்கின்றோம்.

தொலைவிற் பணிபுரியும் இளம் மருத்துவர்க்கு அஞ்சல் வழிப் பாடமும் நேர்முக வகுப்பும் மூத்தவரின் வழிகாட்டலும் சேர்ந்த பயிற்சிகளை வேலூர்க் கல்லூரி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்படுத்தியது. தமிழ்நாடோ அரசுப் பணியிலுள்ள மருத்துவர்க்கு மேற்படிப்பில் தனி இடம் அளித்து வந்தது. அவ்வாறு இடம் ஒதுக்கும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2020 ஆகஸ்டு 31-ஆம் நாள் தீர்ப்பளித்தது. கிராமத்திற்குச் சென்றால் கல்வி நின்றுவிடும் என்னும் அச்சத்தைக் குறைக்கும் வழிகள் இவை.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். ஆணையும் பிணைப்பத்திரமும் மருத்துவரைக் கிராமத்திற்கு அழைத்துச் செல்லக்கூடும். அங்கே நிலைபெறச் செய்பவை தகுந்த பயிற்சியும், துணைநிற்கும் தோழரும், பிள்ளைகளுக்குக் கல்வியும், ஊராரின் அன்புமே.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழன்பர்களே, இதன் அருமையை நும்மினும் அறிந்தார் யார்? பணியின்பொருட்டு வடக்கே சென்ற தமிழர் 1920-களிலேயே தம் மக்களுக்கெனப் பள்ளி தொடங்கினர். அம்முயற்சியின் வழிவந்த டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் இன்று ஏழு பள்ளிகளை நடத்துகின்றது. குடும்பத்தோடு ஓர் அயலூரில் வேரூன்றப் பள்ளியும் அயலாரும் எவ்வளவு இன்றியமையாதவர் என்பதற்கு அதுவே சான்று. நீங்கள் வாழும் மாநிலத்தின் சிற்றூர்களிலும் புதிதாக வந்திறங்கிய மருத்துவர் குடும்பங்கள் உண்டு. அவர்களுள் தமிழரும் இருக்கலாம், பிறரும் இருக்கலாம். ஒரு விழாவிற்கு அழைப்பதும், பிள்ளைகளின் படிப்பிற்கு வழி சொல்வதும் நம்மால் இயல்வனவே. அவ்வீட்டில் ஒளி நிலைத்திருந்தால், அதனைச் சூழ்ந்த ஊர்களிலெல்லாம் பல உயிர்கள் காக்கப்பெறும்.