ரிச்சி தெருவுக்குப் போகும் ரயில்

2007ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பறக்கும் ரயில் எங்கள் வேளச்சேரியை வந்து தொட்டபோது, ஏரியும் வயலும் தண்டீசுவரர் கோயிலுமாக நெடுங்காலம் இருந்த கிராமம் பட்டணத்தோடு இருப்புப்பாதையால் பிணைக்கப்பட்டதே என்று ஊரார் எல்லோரும் மகிழ்ந்தார்கள். கணிப்பொறியின் பெட்டியைத் திறந்து அதன் உள்ளே இருப்பதைப் பார்ப்பதில் பிரியம் கொண்டிருந்த எங்களைப் போன்ற சிலருக்கோ அந்த மகிழ்ச்சிக்கு மற்றொரு காரணமும் இருந்தது. தரமணியில் டைடல் பூங்காவின் ஓரமாகச் சென்று, மயிலையையும் திருவல்லிக்கேணியையும் கடந்து, சிந்தாதிரிப்பேட்டையில் நின்று, கடைசியில் பர்மா பஜாரின் வாசலிலேயே இறக்கிவிடுகிற அந்த ஒரே பாதையில், சென்னையில் கணிப்பொறிக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தப்பட்ட முக்கியமான ஸ்தலங்களெல்லாம் மணிகளைக் கோத்தாற்போல் வரிசையாக அமைந்துவிட்டன. அதற்கு முன்னெல்லாம் விஜயநகர் நிலையத்தில் பஸ் ஏறி, அண்ணா சாலையில் இறங்கி, பதினைந்து அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கிவிட்டால் அதை மடியில் கட்டிக்கொண்டு ஆட்டோவில் திரும்பி வர வேண்டும். அந்தக் கண்ணாடிக் குழாயின் கனம் இன்னும் என் தொடைகளுக்கு நினைவிருக்கிறது.

சிந்தாதிரிப்பேட்டை என்ற பெயரைச் சற்றே பிரித்துப் பார்த்தால் அதன் பூர்விகம் விளங்கும். 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் துணி நெய்விப்பதற்காகக் கூவம் நதியின் வளைவுக்குள் நெசவாளர்களைக் குடியேற்றினார்கள். சின்னத் தறிப் பேட்டை என்று வழங்கிய அதுவே நாளடைவில் மருவி இன்றைய உருவத்தை அடைந்தது. பிரான்சு தேசத்து ஜக்கார் என்பவர் 1804இல் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறிக்குப் பூவேலை சொல்லிக்கொடுக்க வழி கண்டார் என்பதும், அந்தத் துளை அட்டையின் வமிசத்தில் வந்த அட்டைகளே பின்னாளில் கணிப்பொறிக்குக் கட்டளையிட்டன என்பதும் தெரிந்தவர்களுக்கு, தறிக்காக ஏற்பட்ட ஒரு பேட்டையிலேயே ரிச்சி தெரு என்ற கணிப்பொறிச் சந்தை வந்து அமர்ந்தது மிகவும் பொருத்தமாகத் தோன்றும். தற்செயல்தான், ஆனாலும் அந்தத் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் அதை நான் நினைக்காமல் இருந்ததில்லை.

ரிச்சி தெரு என்று நாம் சொல்வது ஒரே ஒரு தெருவன்று. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை, மோகன்தாஸ் சாலை ஆகிய எல்லாம் சேர்ந்த ஒரு சிறு பிரதேசத்துக்கு ஜனங்கள் இட்ட பொதுப்பெயர் அது. கணிப்பொறி வருவதற்கு வெகு முன்பே அது வானொலிக்காரர்களின் தெருவாக இருந்தது. வால்வு, காயில், கண்டென்சர், மின்மாற்றி என்று உதிரி உறுப்புக்களை விற்பவர்களும், பழுது பார்ப்பவர்களும், உறுப்புக்களைத் தாங்களே சேர்த்து ரேடியோப் பெட்டி செய்து கொடுப்பவர்களுமாக அங்கே ஒரு தொழில் வேரூன்றியிருந்தது.

உறுப்புக்களைச் சேர்த்து யந்திரம் செய்கிற இந்த ஆசை சென்னைக்கு எப்போது வந்தது என்று தேடிக்கொண்டு போனால், 1924ஆம் ஆண்டுக்கு வந்து சேருகிறோம். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்பவர் இங்கிலாந்திலிருந்து ஒலிபரப்பிக் கருவியின் உறுப்புக்களைக் கொண்டுவந்து, இங்கேயே அவற்றை ஒன்று சேர்த்தார். அவரும் அவருடைய நண்பர்களும் கண்ட சென்னை மாகாண ரேடியோ சங்கம் அந்த ஆண்டு ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமின்மையால் அந்தச் சங்கம் 1927இல் ஓய்ந்துபோக, பிற்பாடு நகரசபை அந்தப் பணியை ஏற்று நடத்த, 1938 ஜூன் 16ஆம் தேதிதான் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றியது. சர்க்கார் வருவதற்குப் பதினான்கு வருஷங்களுக்கு முன்பே, லாபத்தைக் கருதாமல், கருவியின்மீது கொண்ட மோகம் ஒன்றையே முதலாகக் கொண்ட சில ஆர்வலர்கள் இந்த நகரத்தின் ஆகாயத்தில் குரலை ஏற்றிவிட்டார்கள். இன்று ஒரு புதிய கிராபிக்ஸ் கார்டைப் பற்றி விடிய விடியப் பேசுகிற இளைஞர்களை வேலையற்றவர்கள் என்று எண்ணுவோர் இந்தச் சரித்திரத்தை ஒருமுறை படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்தது. ஆன்டெனாக் கம்பிகளும் பிக்சர் குழாய்களும் தெருவுக்குள் வந்தன. சரக்கு மாறியதே தவிர, சால்டரிங் இரும்பின் புகையும், மல்டிமீட்டரின் முள்ளைக் கண்கொட்டாமல் பார்க்கிற பார்வையும் மாறவில்லை.

கணிப்பொறி எங்கள் பக்கத்தில் காலடி வைத்த கதை வேறு. வேளச்சேரிப் பக்கம் ஒரு வாசலை உடையதாக, மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தோன்றிய ஐ.ஐ.டி.யின் காட்டுக்குள், 1973இல் ஐ.பி.எம். 370/155 என்ற பெரும் யந்திரம் நிறுவப்பட்டது. குளிரூட்டிய அறையில் அது வீற்றிருக்க, மாணவர்கள் துளை அட்டைக் கட்டுக்களைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்த காலம் அது. மதிலுக்கு இந்தப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊராருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திராது. 1984இல் மத்திய சர்க்கார் கணிப்பொறிக் கொள்கையைத் தளர்த்தியதும், 1997இல் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்து, 2005க்குள் சுங்கவரியைப் படிப்படியாக நீக்க ஒப்புக்கொண்டதும் ரிச்சி தெருவின் தலையெழுத்தையே மாற்றின. கம்பெனிப் பெயர் பொறித்த முழுப் பெட்டியை வாங்க வசதியில்லாத குடும்பங்கள், உறுப்புக்களை வாங்கிச் சேர்த்து ‘அசெம்பிள்’ செய்த பெட்டியை அதைவிடக் குறைந்த விலைக்கு வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது.

எதற்காகக் கொண்டுவந்தார்கள்? படிப்புக்காக என்று பிள்ளைகள் பெற்றோரிடம் சொன்னார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது விளையாட்டு. அந்த விளையாட்டின் ருசியை முதலில் ஊட்டியது பர்மா பஜார். 1960களில் பர்மாவிலிருந்து அகதிகளாகத் திரும்பிய தமிழர்கள் கடற்கரை ரயில் நிலையத்தின் அருகே கடை வைத்துப் பிழைத்த அந்த வீதிக்கு, சிங்கப்பூருக்கும் சென்னைக்குமாகப் பறந்து சரக்குக் கொண்டுவந்த ‘குருவி’கள் அயல்நாட்டுச் சாமான்களைச் சேர்த்தார்கள். தொலைக்காட்சியில் செருகி விளையாடுகிற வீடியோ கேம் பெட்டிகளும், மாரியோவும் கான்ட்ராவும் அடங்கிய ‘கேஸட்டு’களும் அங்கிருந்துதான் எங்கள் தெருவுக்கு வந்தன. படம் வராவிட்டால் கேஸட்டை உருவி, அதன் வாயில் ஊதி, மறுபடி செருகுவோம். ஊதியதால் சரியாகவில்லை, மறுபடி செருகியதால் தொடர்பு சரியாக அமைந்தது என்பதையும், வாயின் ஈரம் அந்தப் பித்தளை நிறத் தகடுகளுக்குக் கேடு என்பதையும் பல வருஷங்களுக்குப் பிறகே அறிந்தேன்.

பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, நான்கைந்து பேர் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் அமர்ந்து கவுன்டர் ஸ்டிரைக் ஆடிய அந்த இருட்டறைகளில், எந்த யந்திரம் தடையின்றி ஓடுகிறது, எது திக்குகிறது என்பதை நாங்கள் அனுபவத்தால் அறிந்தோம். ஏன் திக்குகிறது என்ற கேள்வி பிறந்த கணத்திலேயே ஒருவன் விளையாடுகிறவன் என்ற நிலையிலிருந்து கற்கிறவன் என்ற நிலைக்கு ஏறிவிடுகிறான். இந்த நகரத்தில் கணிப்பொறியின் உடற்கூற்றைக் கற்பித்த முதல் ஆசான் விளையாட்டே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற பிராசசரை உதாரணமாகச் சொல்லலாம். அதற்கு முந்திய செலரானில் இரண்டாம் நிலைக் கேஷ் நினைவகமே கிடையாது. இதிலோ 128 கிலோபைட் அளவு அந்தச் சில்லிலேயே பதிந்து, பிராசசரின் முழு வேகத்தில் இயங்கியது. மதர்போர்டின் பஸ் வேகமாகிய 66 மெகாஹெர்ட்ஸை நாலரையால் பெருக்கியதே அதன் 300. அந்தப் பெருக்கெண்ணை மாற்ற முடியாது. பஸ் வேகத்தை 100க்கு உயர்த்திவிட்டாலோ 450 மெகாஹெர்ட்ஸ் கிடைத்துவிடும். ஆகவே மலிவான சரக்கை வாங்கி விலையுயர்ந்த சரக்கின் வேகத்தைப் பெறலாம் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது போலவே ரிச்சி தெருவுக்கும் வந்து சேர்ந்தது. அவற்றில் பலவற்றின் முதுகில் ‘மலாய்’ என்று பொறித்திருக்கும். இன்டெல் 1972இல் பினாங்கில் தொடங்கிய தொழிற்சாலையை நினைக்கும்போது, நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிப் போன அதே பினாங்குச் சீமையிலிருந்து இந்தச் சில்லு திரும்பி வருகிறதே என்று அப்போது எனக்கு ஒரு விசித்திரமான நெருக்கம் தோன்றியது.

தெருவின் வழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘கொட்டேஷன்’. கடைக்குக் கடை ஏறி, பிராசசர், மதர்போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ் என்கிற மின்வழங்கியோடு கேபினட், மானிட்டர் என்று வரிசையாக விலை குறித்த சீட்டை வாங்கி, வீட்டுக்கு வந்து நாலைந்து சீட்டுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, மறுவாரம் மீண்டும் போனால் எல்லா விலையும் மாறியிருக்கும். பத்திரிகையில் வராத பல செய்திகளை அந்தச் சீட்டுக்கள் எங்களுக்குச் சொல்லின. பேசத் தெரிந்தவனுக்கு அதற்கு மேலும் கிடைக்கும். 2003இல் என் இரண்டாவது யந்திரத்துக்காகச் சென்றபோது, “தம்பி, 512 ஒண்ணா போடாதப்பா, 256 ரெண்டா போடு, அப்பதான் டூயல் சேனல் ஓடும்” என்று ஒரு கடைக்காரர் சொன்னார். “ஒரே விலையாண்ணா?” என்று கேட்டேன். “கொஞ்சம் கூடத்தான் ஆகும், ஆனா கேம் ஆடறப்ப என்னை நெனச்சிக்குவ” என்றார். நினைத்துக்கொண்டேன், இப்போதும் நினைக்கிறேன்.

அன்று அவருடைய உதவியாளன் யந்திரத்தைச் சேர்த்த விதம் ஒரு பூஜையைப் போல் இருந்தது. முதலில் கேபினட்டின் இரும்பைத் தொட்டு உடம்பின் மின்னேற்றத்தைக் கழித்துக்கொண்டான். சாக்கெட்டின் ஓரத்து நெம்புகோலை நிமிர்த்தி, பிராசசரின் மூலையில் உள்ள முக்கோண அடையாளத்தைச் சாக்கெட்டின் அடையாளத்தோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்தான். நூற்றுக்கணக்கான ஊசிகளும் தம் எடையாலேயே துளைகளில் இறங்கின. நெம்புகோலைச் சாய்த்தபின், துவரம்பருப்பளவு தெர்மல் பேஸ்ட்டை நடுவில் வைத்து, மேலே விசிறியைப் பூட்டினான். ரேம் இரண்டும் கிளிக்கென்று அமர்ந்தன. மின்சாரம் கொடுத்ததும் விசிறி சுழன்று, ஒரே ஒரு ‘பீப்’ ஒலி கேட்டது. ஒன்றுக்கு மேல் கேட்டால் ஏதோ கோளாறு. அந்த ஒற்றை ஒலிக்காகக் கடையில் இருந்த அத்தனை பேரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

அந்த யந்திரம் மூன்றாண்டில் படுத்தது. அக்காலத்தில் கெட்ட மின்பகு திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள், அதாவது கண்டென்சர்கள், உலகெங்கும் மதர்போர்டுகளில் புகுந்து, உச்சி உப்பி வெடித்தன. என்னுடையதில் பிராசசரைச் சுற்றி ஐந்து உப்பியிருந்தன. சிப் லெவல் சர்வீஸ் செய்யும் பெரியவர் ஒருவர், வானொலிக் காலத்து மனிதர், கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, பழையவற்றைப் பெயர்த்துப் புதியவற்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். வால்வு ரேடியோவில் முதலில் போவதும் இதே கண்டென்சர்தான் என்று சொன்னார். இரண்டு யுகங்களுக்கும் நடுவே அந்த ஒரு கைதான் இருந்தது.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் வேளச்சேரி மூழ்கியபோது அந்தக் கைத்திறனின் அருமையை ஊரே கண்டது. தரைத்தளத்து வீடுகளில் மேஜைக்கடியில் நின்ற கேபினட்டுகளெல்லாம் சேற்று நீரில் நாள்கணக்காக ஊறிக் கிடந்தன. விஷயம் அறிந்தவர்கள் செய்தது இதுதான்: மின்சாரம் கொடுத்துப் பார்க்கவில்லை. மதர்போர்டைக் கழற்றி, அதிலுள்ள காசு வடிவ பாட்டரியை முதலில் எடுத்தார்கள். அந்தச் சிறு மின்னோட்டமே ஈரத்தில் செம்புத் தடங்களை அரித்துவிடும். நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பழைய பல் துலக்கும் பிரஷால் ஸ்லாட்டுக்களைத் தேய்த்து, மொட்டை மாடியில் பாய் விரித்து, வடகம் காய வைப்பதுபோல் வெயிலில் காய வைத்தார்கள். இப்படிப் பிழைத்த போர்டுகள் பல. எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பெரும்பாலும் தூக்கி எறிய நேர்ந்தது. ஹார்ட் டிஸ்க்கில் காற்றழுத்தம் சமனாவதற்கென்று ஒரு நுண்துளை உண்டு. அதன் வழியே நீர் புகுந்தவற்றில் இருந்த கல்யாணப் படங்களும் குழந்தைப் படங்களும் பல வீடுகளுக்குத் திரும்பவே இல்லை. அந்த வாரம் அழுதவர்களில் நானும் ஒருவன்.

இப்போது பெட்டி மெலிந்து மடிக்கணினியாகி, ரேம் போர்டோடு ஒட்டிப் பிறக்கிறது. திறந்து பார்க்க இடமில்லாத யந்திரங்கள் பெருகுகின்றன. இது எனக்கு வருத்தமே. இருந்தாலும், துளை அட்டைகளோடு மாணவர்கள் காத்து நின்ற அதே ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் காமகோடி அவர்களின் குழுவினர் ‘சக்தி’ என்ற பிராசசரை வடிவமைத்து, 2018இல் அமெரிக்காவில் இன்டெல் ஆலையிலும், பிறகு சண்டிகரில் உள்ள நம் நாட்டு ஆலையிலும் சில்லாக வார்த்து, அதில் லினக்ஸை இயக்கிக் காட்டினார்கள் என்ற செய்தியைப் படித்த அன்று, வேளச்சேரி வாசல் வழியாக ஒருமுறை சும்மா நடந்து வந்தேன்.

சென்ற மாதம் சிந்தாதிரிப்பேட்டையில் மாலை ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் ஒரு தகப்பனாரும் பதினான்கு வயது மதிக்கத்தக்க பையனும் உட்கார்ந்திருந்தார்கள். தகப்பனாரின் காலடியில் பெரிய கேபினட் அட்டைப்பெட்டி. பையனின் மடியில் மதர்போர்டும், அதன்மேல் விரித்த விளக்கப் புத்தகமும். கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர் எதற்கும் அவன் தலை நிமிரவில்லை. பெருங்குடி தாண்டியதும் திடுக்கென்று நிமிர்ந்து, “அப்பா, தெர்மல் பேஸ்ட் வாங்கினோமா?” என்று கேட்டான். அவர் ஒன்றும் சொல்லாமல், சட்டைப் பையிலிருந்து அந்தச் சிறு குழாயை எடுத்து அவன் கையில் வைத்தார்.