ரூர்க்கி நாற்காலியும் உப்புப் பொதியும்

சொகுசு மரச்சாமான் விற்பவர்களுக்கு இப்போ 'நாடோடி பாணி' என்ற சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆணி அடிக்காத மரக்கால், கேன்வாஸ் இருக்கை, தோல் வார், இவ்வளவு இருந்தால் போதும், அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பாணியின் மூலங்களில் ஒன்று நம்ம நாட்டிலேயே உருவானது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் இந்திய ராணுவப் பொறியாளர்கள் இருந்த ஊர் ரூர்க்கி. அங்கே உருவான நாற்காலிக்கும் அதே பெயர். நாலு கால், நாலு குறுக்குச் சட்டம். சட்டங்களின் முனை கூம்பாக இருக்கும். காலில் உள்ள துளைக்குள் செருகினால் போதும், பசை வேண்டாம். உட்காரும்போது கேன்வாஸ் இழுபட்டு மூட்டுகள் இறுகும். மேடுபள்ளமான தரையிலும் நாலு காலும் பதியும். கழற்றினால் ஒரு சின்ன மூட்டை. டென்மார்க்கின் கோரே கிளின்ட் 1933-ல் இதே அமைப்பில் சஃபாரி நாற்காலியை வடிவமைத்தார். இன்றைக்கும் அது விலையுயர்ந்த சரக்கு.

சரி, இதுக்கும் ஒரகடம் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்த நாற்காலிக்கு ஒரு நூற்றாண்டு முன்பே இந்த வட்டாரம் படைகள் நகரும் பாதையாக இருந்தது. 1780 ஆகஸ்டில் ஹெக்டர் மன்றோ பரங்கிமலையிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் படையோடு போனார். அங்கே கோயிலில் வைத்த தானியத்தை விட்டு நகரத் தயங்கினார். செப்டம்பர் 10 அன்று, ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே உள்ள புள்ளலூரில், பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் அழித்தார்கள். 1791-ல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்த் திரும்பியதற்கும் காரணம் மாடுகள் செத்ததும் உணவு தீர்ந்ததும்தான்.

அப்புறம் கும்பினிப் படைக்குச் சோறு போட்டது யார்? பஞ்சாரா, நம்ம ஊர்ச் சொல்லில் லம்பாடிகள். அவர்களுடைய பொதிமாடுகள்தான் தானியம் சுமந்தன. கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோனவர்கள் உப்புக் குறவர்கள். கூடையும் பாயும் முடைவதும் குறவர்களின் தொழில். பிளந்த மூங்கிலைப் பின்னும்போது ஆணியோ பசையோ கிடையாது; ஒன்றையொன்று நெருக்கும் இழுவையே கூடையை நிறுத்துகிறது. ரூர்க்கி நாற்காலியில் நாம் வியக்கும் விஷயமும் அதுதானே?

1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. பாதைகள் நீள நீள, பொதிமாட்டு வணிகம் சுருங்கியது. 1871-ல் வட இந்தியாவில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்களில் பல குழுக்கள் பட்டியலில் ஏறின. கைரேகை பதிய வேண்டும், ஆஜர் கொடுக்க வேண்டும், ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ராணுவ அதிகாரி நாற்காலியோடு ஊர் ஊராகப் போனால் அது முகாம். குறவர் கூடையோடு போனால் சந்தேகம். சென்னை மாகாணம் இச்சட்டத்தை நீக்கியது 1947-ல், நாடு முழுக்க நீங்கியது 1952-ல்.

அதனால்தான் 'நாடோடி பாணி' என்று விலைச்சீட்டில் பார்க்கும்போது எனக்கு உறுத்துகிறது. அலைந்து வாழ்ந்தவர்களின் அறிவு உண்மையானது: எடை குறைவு, கையாலேயே பழுது பார்க்கலாம், உடைந்த உறுப்பை மட்டும் மாற்றலாம். எந்த வடிவமைப்பாளரும் இதைக் கற்கட்டும். ஆனால் மூங்கில் பின்னுகிறவரைக் கூலிக்கு மட்டும் கூப்பிட்டுவிட்டு, வடிவமைப்பின் பெயரையும் லாபத்தையும் நிறுவனமே வைத்துக்கொண்டால் அது பழைய கணக்கின் தொடர்ச்சிதான். ஒரகடத்து ஆலைகளில் ஒரு வடிவமைப்பைப் பயன்படுத்த உரிமத்தொகை கொடுப்பது சாதாரண நடைமுறை. கூடை முடைகிறவருக்கும் அதே நடைமுறை ஏன் பொருந்தக் கூடாது?